புதிய இடம் தேடும் ஆங்கிலச் செக்ரெட்டேர்

மூடியைத் திறந்ததும் முதலில் தேன்மெழுகு மணக்கும், அதன் பின்னால் காய்ந்த மை மணக்கும், அதற்கும் பின்னால், அதைச் செய்த இங்கிலாந்துத் தச்சன் கனவிலும் நினைத்திருக்க முடியாதபடி, ஏலக்காய் மணக்கும். சுவிஸ் நகரமான வின்டர்தூரில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டின் ஹோலில் நின்ற அந்தப் பழைய ஆங்கில எழுத்து மேசைக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பது, ஒன்பது பத்து வயதில் எனக்கு ஒரு மருந்து மாதிரி. நான் பயந்த பிள்ளை. அடுப்பை நிற்பாட்டினோமா, கதவைப் பூட்டினோமா, அம்மா ஏறின பஸ் சரியான பஸ்தானா என்று எதையாவது பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பேன். "இவளின்ரை நெஞ்சுக்குள்ளை ஆரோ எந்த நேரமும் மணி அடிச்சுக்கொண்டு நிக்கினம்" என்று அம்மா சொல்வா. அந்த மணியை நிறுத்த யாராலும் முடியவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தது இந்த மேசைதான்.

மேசை எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு சொல்லால். இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம் அது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் கதைத்துவிட்டு நாங்கள் வந்ததும் வாயை மூடிக்கொண்ட காலம். அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உணவகத்தையும் அந்தக் கோடையோடு மூடிவிட்டார்கள். அவர் ஊரில் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் "கிளாக்கர்" ஆக இருந்தவர். ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்குத் தன்னைவிட மேலே இருந்தவர்களுக்கே தெரியாது என்பது அவருடைய இரகசியப் பெருமை. சம்பளம் எங்கேயாவது வரும், கோப்பை கழுவினாலும் வரும். இந்த நாட்டில் ஒருவராவது தன்னுடைய ஆங்கிலம் வேண்டுமென்று கேட்கமாட்டாரா என்பதுதான் அவருடைய ஏக்கம். அதை அவர் வாயால் சொன்னதில்லை. ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலையில் தெரிந்தது.

ஒருநாள் சுப்பர்மார்க்கெட்டின் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டைக் கண்டார். அதில் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், "எங்லிஷர் செக்ரெட்டேர், கூட் எர்ஹால்ட்டன், ஸூக்ட் நொயன் பிளாட்ஸ்" என்று இருந்தது. செக்ரெட்டேர் என்றால் அந்த மொழியில் காரியதரிசியும்தான், மூடி மடக்கும் எழுத்து மேசையும்தான். எர்ஹால்ட்டன் என்றால் பெற்றுக்கொள்ளுதலும்தான், பழுதில்லாமல் பேணப்பட்டதும்தான். "நல்ல நிலையிலுள்ள ஆங்கில எழுத்து மேசை புதிய இடம் தேடுகிறது" என்று எழுதியிருந்ததை, சமையலறையில் நின்று டொச் பழகிய அப்பா, "ஆங்கிலச் செக்ரட்டரி தேடுகினம், நல்லாய்ப் பெறலாம், புதிய இடம்" என்று வாசித்துக்கொண்டார். அடியில் தொங்கிய தொலைபேசி இலக்கத்தைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவருடைய முகத்தை இப்போதும் என்னால் சொல்லமுடியும். யாரோ அவரை ஊரில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

அவர் தொலைபேசியில் கதைக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் ஒரு வயதான பெண். செக்ரெட்டேர் விசயமாய் எடுக்கிறேன் என்றார் அப்பா. மெத்தச் சந்தோசம், வாருங்கள் என்றார் அவர். பிறகு, "மிகவும் ஷ்வேர்" என்றார். டொச்சில் பாரத்துக்கும் கஷ்டத்துக்கும் அந்த ஒரே சொல்தான். அப்பா நிமிர்ந்து நின்று, கஷ்டம் பரவாயில்லை, எனக்குப் பல வருட அனுபவம் இருக்கிறது என்றார். மறுமுனையிலிருந்து, வாகனம் இருக்கிறதா என்ற கேள்வி வந்தது.

"செக்ரட்டரிக்கு வாகனம் வேணுமாம்" என்று போனை வைத்துவிட்டு அப்பா சொன்னார். "பெரிய இடம்போலை கிடக்கு."

மேல்மாடியில் இருந்த ராசன் மாமாவிடம் ஒரு வான் இருந்தது. "அண்ணை, உங்களுக்கு வேலை சரிவந்தா எனக்கு ரைவர் வேலையைத் தந்திடுங்கோ" என்று பகிடி விட்டுக்கொண்டு வந்தார். அம்மா கலியாணக் கோட்டைத் தட்டி எடுத்து, சேட்டுக்கு இஸ்திரி போட்டு, "இஞ்சேருங்கோ, கழுத்து ரை கோணல்" என்று அதை நேராக்கி, நெற்றியில் விபூதியை மெல்லிய கீற்றாகப் பூசிவிட்டா. மொழிபெயர்ப்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வான் மேடு ஏற ஏற, அங்கே போய் அவருடைய டொச்சைக் கேட்டு யாராவது சிரித்தால் நான் என்ன செய்வது என்று டொச் வசனங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த அம்மையாரின் பெயர் ஃப்ரௌ கெல்லர். கணவர் இறந்தபின் முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்தவர். கதவைத் திறந்து, அப்பாவின் ரையைப் பார்த்து, தூக்குகிற வேலைக்கு இவ்வளவு நேர்த்தியா என்று வியந்தார், அப்பாவுக்கு விளங்கவில்லை. உள்ளே, சுவர் உயரத்துக்கு, சிவந்த மரத்தில் அது நின்றது. கீழே இழுத்துத் திறக்கும் லாச்சிகள், நடுவில் சாய்ந்த மூடி, மேலே கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலுமாரி. அப்பா அதைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து ஒரு முதலாளி வருவார் என்று காத்துக்கொண்டு நின்றார். பிறகு கச்சேரிச் சான்றிதழ்கள் இருந்த பைலைத் திறந்து இரண்டு கையாலும் அந்த அம்மையாரிடம் நீட்டினார்.

எனக்குத்தான் முதலில் விளங்கியது. "அப்பா" என்றேன், "செக்ரெட்டேர் எண்டா மேசையப்பா."

ராசன் மாமா சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிக்கிற மனிதர். அன்று சுவரிலிருந்த படத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அப்பா பைலை மடிக்கவும் இல்லை, திருப்பி வாங்கவும் இல்லை. ஃப்ரௌ கெல்லர் முதல் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், எல்லாம் விளங்கிவிட்டது. அவர் சிரித்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், அது இன்னும் மோசமாக இருந்திருக்கும். அவர் செய்தது வேறு. மூடிக்குக் கீழே இரண்டு பக்கமும் செருகியிருந்த ஒடுங்கிய கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். சாய்ந்த மூடியைப் பிடித்து அந்தக் கட்டைகளின் மேல் மெதுவாகப் படுக்கவைத்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "பிற்ற, ஹெர் செக்ரெட்டேர்" என்றார். காரியதரிசி ஐயா, தயவுசெய்து அமருங்கள்.

அப்பா அமர்ந்தார். மூடியின் உட்பக்கம் பச்சைத் தோல் ஒட்டிய எழுதுபலகையாக இருந்தது. அதற்குப் பின்னால் கடிதங்கள் செருகுவதற்கான சின்னச் சின்ன அறைகள். அவற்றில் ஒன்றுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "புறாக்கூடு" என்றார் என்னிடம், தமிழில். "கச்சேரியிலையும் இப்பிடித்தான்." பிறகு ரையைக் கழற்றிச் சுருட்டிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, சேட்டுக் கையை மடித்துவிட்டு எழுந்தார்.

அன்று அதைக் கழற்றித் தூக்கிய விதம் எனக்கு இன்னும் மனப்பாடம். அவ்வளவு பெரிய உருப்படியில் பாகங்களைப் பூட்ட ஒரு ஆணிகூட இல்லை. முதலில் உச்சி முகட்டைத் தொப்பி மாதிரித் தூக்கி எடுக்கலாம். பிறகு புத்தக அலுமாரி. கீழ்ப்பாகத்தின் மேல்விளிம்பைச் சுற்றி ஓடும் மரச்சட்டத்துக்குள் தன் பாரத்தாலேயே அது குந்தியிருந்தது, பொருத்து வெளியே தெரியாது. கீழ்ப்பாகத்தின் இரண்டு விலாவிலும் பித்தளைக் கைபிடி, அழகுக்கில்லை, தூக்கத்தான். லாச்சிகள் மேலேயிருந்து கீழே போகப் போக ஆழம் கூடிக்கொண்டு வரும், அதனால் கண்ணுக்கு மேசை நிலத்தில் காலூன்றி நிற்பதுபோல இருக்கும். ஒன்றை உருவி எடுத்தால் மூலையில் புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். புறாக்கூடும் புறாவாலும் சேர, இங்கிலாந்தில் தச்சர்கள் எல்லோரும் புறா வளர்ப்பார்கள் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். முன்னுக்கு மட்டும் மஹோகனி, லாச்சியின் உள்ளுடம்பு ஓக், முதுகுப் பலகை வெறும் பைன். முதுகைக் கண்ட ராசன் மாமாவுக்கு அப்போதுதான் பழைய குணம் திரும்பியது: "வெள்ளைக்காரன் எங்கடை ஆள்தான் அண்ணை. முன்னுக்குக் கலியாண வேட்டி, பின்னுக்கு வீட்டிலை உடுத்துற சாரம்!"

வீட்டு வாசலில் அம்மா நின்றா. "வேலைக்கெண்டு போன மனுசன் அலுமாரியோடை வாறார்!" என்று அக்கம்பக்கம் கேட்கச் சொன்னா. மேல்பாகத்தை ஏற்றிவைத்து முகட்டை வைக்கப் போனால் எங்கள் ஹோலின் கூரை இடித்தது. அந்த முகடு என்னவென்றால், இரண்டு அன்னக்கழுத்துகள் எதிரெதிரே வளைந்து வந்து, நடுவில் ஒரு சின்ன மரக்கலசம். அம்மா கோபத்தை அப்படியே விட்டுவிட்டு அதைத் தடவிப் பார்த்தா. "கலசம் வைச்சிருக்கிறாங்கள். இது கோயிலுக்குச் செய்ததெல்லோ" என்று தீர்மானமாய்ச் சொல்லி, அதைக் கொண்டுபோய்ச் சாமிப் படங்களுக்கு மேலே ஏற்றிவிட்டா. அன்றிலிருந்து எங்கள் பிள்ளையாருக்கு ஆங்கிலக் கோபுரம். புறாக்கூடுகளின் நடுவே இரண்டு சின்னத் தூண்கள் இருந்தன. அவை உண்மையில் தூண்கள் இல்லை, இழுத்தால் ஒடுங்கிய பெட்டிகளாய் வரும், இரகசிய அறைகள். உள்ளே ஒன்றுமில்லை. அம்மா ஒன்றில் ஏலக்காயும் மற்றதில் கராம்பும் போட்டு வைத்தா.

தமிழ்க்கடையில் பகிடி பரவிவிட்டது. "என்ன செக்ரட்டரியார், மேசையோடை கலியாணமாம்?" அப்பா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். வீட்டில் மேசை மூடி திறக்காமலே கிடந்தது. அந்தச் சில கிழமைகள்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது, ஏனென்றால் அவர் மறுபடியும் ஜன்னலோரம் போய் நின்றுவிட்டார்.

அதைத் திறக்கவைத்தது கமலாக்கா. பக்கத்துத் தெருவில் இருந்தவ. தம்பி யுத்தம் நடந்த வன்னியில் இருந்தவன், யுத்தம் முடிந்தபின் ஒரு தகவலும் இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று, "செக்ரட்டரி அண்ணை வீடு இதுதானே?" என்று கேட்டா. அவவுக்கு அது பகிடி என்று தெரியாது. ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டா. தம்பிக்காகக் கொழும்பு அரசாங்கத்துக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றா.

அப்பா மூடியில் கை வைத்தார். அவசரம். கட்டைகளை இழுக்கவில்லை. எனக்குத்தான் மணி அடித்தது. ஓடிப்போய் இரண்டு கட்டைகளையும் வெளியே இழுத்துவிட்டேன், மூடி வந்து அவற்றின்மேல் படுத்தது. இல்லாவிட்டால் முழுப் பாரமும் மூடியைப் பொருத்திய பிணைச்சலில் விழுந்து மரத்தைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அப்பா என்னைப் பார்த்து, "கை தந்திட்டாள்" என்றார்.

"அவன் உயிரோடை இருக்கிறான் எண்டு எழுதுங்கோ அண்ணை" என்றா கமலாக்கா.

"அப்பிடி எழுத ஏலாது கமலா. இருக்கிறானோ எண்டு கேட்டுத்தான் எழுதலாம்."

"கேட்டு எழுதினா இல்லையெண்டு சொல்லிப்போடுவாங்களெல்லோ?"

அப்பா தாளை எடுத்து நேராக வைத்தார். பிறகு, "எங்கை இருக்கிறான் எண்டு கேப்பம்" என்றார். அப்படித்தான் எழுதினார். ஆங்கிலத்தில் அந்த 'எங்கே'க்கு ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்தபோது அவருடைய முதுகு நிமிர்ந்ததை நான் கண்டேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எங்கள் வாசலில் சப்பாத்துகள் நிறைந்தன. பாடன் நகரத்திலிருந்தும் வந்தார்கள், தூரத்து லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் ஒருவர் ரயில் மாறி மாறிக் கோச்சியில் வந்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புறாக்கூடு. அப்பாவுக்குப் பிறகு ஆஸ்பத்திரி லோண்டறியில் துணி வெளுக்கும் வேலை கிடைத்தது, கடைசிவரைக்கும் அங்கேதான். ஒரு எழுத்துக் கந்தோரிலும் அவருக்குக் கதிரை கிடைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் சேட்டை உள்ளே விட்டுக்கொண்டு, "பிள்ளை, கையை இழும்" என்பார். நான் கட்டைகளை இழுப்பேன், அவற்றுக்கு எங்கள் வீட்டில் கை என்றே பெயர். வேறு யாரும் தொடக்கூடாது என்று எனக்கு ஒரு கர்வம். கமலாக்காவின் தம்பி வவுனியா அகதி முகாமில் இருப்பதாகப் பதில் வந்த நாளில் அவ ஒரு வாளி சீனியரியதரப் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்தா. பதில் வராதவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய புறாக்கூடுகளை அப்பா வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் பெரிய படிப்புப் படிக்கவில்லை. கட்டாயப் பள்ளிக்கூடம் முடிந்ததோடு சரி. தொழிற்பயிற்சியையும், பரீட்சைத் தாளைக் கண்டால் எழுத்து ஓடாது என்று பாதியில் விட்டேன். உறவுக்காரர் கேட்டபோது அப்பா வெட்கப்படவில்லை. "எல்லாரும் எழுதினா மூடியை ஆர் தாங்குறது?" என்றார். இப்போது முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அடுப்பை அணைத்ததைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஆளை அங்கே யாரும் குறை சொல்வதில்லை.

போன இலையுதிர் காலத்தில், அந்தப் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று அம்மாவும் அப்பாவும் சின்ன வீடொன்றுக்கு மாறினார்கள். மேல் அலுமாரிக்கு இடம் இருந்தது, மேசைக்கு இல்லை. அப்பா தன் கைப்பட ஒரு துண்டு எழுதினார், இந்தமுறை அர்த்தம் தெரிந்தே: எங்லிஷர் செக்ரெட்டேர், கூட் எர்ஹால்ட்டன், ஸூக்ட் நொயன் பிளாட்ஸ்.

அம்மா அதை வாசித்துவிட்டு, "இது மேசையைப் பற்றியோ, உங்களைப் பற்றியோ?" என்று கேட்டா.

"கூட் எர்ஹால்ட்டன், பழுதில்லாதது எண்டு போட்டிருக்கிறன். அப்ப மேசைதான்" என்றார்.

அவர் சுப்பர்மார்க்கெட் பலகையில் குத்திவிட்டுப் போன பிறகு நான் போய் அந்தத் துண்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன். ராசன் மாமாவின் வான் இப்போது இல்லை. என் வேலையிடத்து வாகனத்தை இரவல் வாங்கி, ஒரு பக்கக் கைபிடியில் நானும் மறுபக்கத்தில் கமலாக்காவின் தம்பியுமாக மேசையை என் வீட்டுக்குத் தூக்கினோம். அவனும் இப்போது சுவிசில்தான். பழைய கட்டடம் இருந்த இடத்தில் இன்று பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். வாசலில் அந்தச் சப்பாத்துகள் இல்லை. கடிதங்களை எல்லாரும் கைபேசியிலேயே எழுதுவித்துக்கொள்கிறார்கள். ஃப்ரௌ கெல்லரும் போய்விட்டார், நன்றி சொல்ல நாங்கள் இருமுறை மூன்றுமுறை போனதோடு சரி. முகடு அம்மாவின் பிள்ளையாருக்கு மேலே இருக்கிறது.

சனிக்கிழமைகளில் அப்பா என் வீட்டுக்கு வருகிறார். எழுத ஒன்றும் இல்லை, இருந்தும் வருகிறார். சென்ற கிழமை வந்து கோட்டைக் கழற்றிவிட்டு, நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்க, மேசைக்கு முன்னால் போய் நின்று கூப்பிட்டார்:

"பிள்ளை, கையை இழும்."

"எழுத என்ன இருக்கப்பா?"

"நீ மேசையைப் பற்றி எழுதப்போறன் எண்டனீ. இரும். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

நான் இரண்டு கைகளையும் வெளியே இழுத்தேன். மூடியை அவர் இறக்கினார். கதிரையை இழுத்துப் போட்டதும் அவர்தான்.