தரையில் படாத குதிகால்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். உட்கார்ந்து கதை கட்ட எனக்கு நேரமில்லை. குழந்தைகளுக்கு பாலே நடனம் சொல்லிக் கொடுத்தே தொண்டைத் தண்ணீர் வற்றிப் போகிறது. இது எனக்கு நடந்தது.

பாலேயில் எல்லாமே பாதம்தான். குதிகாலை ஊன்று, விரலை மடக்காமல் நீட்டு, கணுக்காலை உள்ளே சாய்க்காதே. எத்தனை கத்தினாலும் பிள்ளைகள் காதில் ஏறாது. அதிலும் சிட்டு என்று நாங்கள் கூப்பிடும் ஏழு வயதுப் பெண் என் உயிரை வாங்கினாள். வலது காலை மட்டும் நுனிவிரலில் ஊன்றி நிற்பாள். பெரிய பெண்கள் நுனி கெட்டியான ஷூ போட்டுக்கொண்டு செய்வது அது. எலும்பு முற்றாத வயதில் செய்தால் பாதம் காலத்துக்கும் கோணிவிடும்.

"யாருடி சொல்லிக் கொடுத்தா?"

"அக்கா."

"எந்த அக்கா?"

என்னைத் தவிர என் வகுப்பில் சொல்லிக் கொடுக்க ஆளே கிடையாது. இந்த வயதிலேயே இப்படிப் புளுகுகிறாளே என்று எரிச்சலாக வந்தது.

அன்று மாலை நல்ல மழை. மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். சிட்டுவின் அப்பா இன்னும் வரவில்லை. மணி ஆறே முக்கால். வெளியறையில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

மரத்தரையில் கெட்டி ஷூ தட்டும் சத்தம். என் பிள்ளைகள் போடுவது துணி ஷூ. அதில் சத்தமே வராது.

கோபத்தோடு உள்ளே போனேன். கண்ணாடி முன்னால் கம்பியைப் பிடித்தபடி சிட்டு நின்றாள். அதே துணி ஷூதான். வலது கால் நுனிவிரலில்.

"குதிகாலை இறக்கு!"

"முடியல மிஸ்... அக்கா பிடிச்சிருக்காங்க."

பொறுமை போயிற்று. மண்டியிட்டு, எப்போதும் செய்வதுபோல் குதிகாலைப் பிடித்துக் கீழே இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். அசையவில்லை. இன்னொரு கையை அடியில் கொடுத்தேன்...

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சில்லென்று...

அது என் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டது. பிள்ளைகளின் கால்விரல்களை நான் நீட்டிவிடுவேனே... அப்படி.

சிட்டுவை வாரிக்கொண்டு ஓடினேன். வாசலில் அவள் அப்பா.

"என்னாச்சு மிஸ்?"

"கால்... இவ காலைப் பாருங்க..."

இரவெல்லாம் தூக்கமில்லை. கோபத்தில் இழுத்த இழுப்பில் குழந்தையின் எலும்பை முறித்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. மறுநாள் மருத்துவமனைக்கு நானும் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார்.

"படம் மாறி வந்திருக்கு. இது பெரியவங்க எலும்பு. நல்லா முத்தினது. இதுல ஒரு பழைய முறிவு இருக்கு, அது ஒட்டியே இருபது வருஷம் இருக்கும்."

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். மேசைமேல் இருந்தது சிட்டுவின் கால்தான்.

படத்தில் அதே முறிவு.