எட்டுக் கட்டாகப் பிரிந்த பூதக் கதை

வாடகை நூல்நிலையம் நடத்துகிறவன் தொலைந்துபோன புத்தகத்துக்காக அழமாட்டான். எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் திரும்பி வராத புத்தகம்தான் அவனைக் கொல்லும். இரவல் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சக நோயாளிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் நடுவில், திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்த ஒரு சந்தில் கடை வைத்திருந்தேன். ஒரு கோடை விடுமுறையில் ஒரே ஒரு சிறுவர் நாவல் என்னைப் படுத்திய பாடு இது.

ஒரு டம்ளருக்கு இரண்டு பேர்

கடையிலேயே உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு என் மனைவி ராஜாமணி ஏலக்காய் டீ கொடுப்பாள். ஒரு புத்தகத்தை இரண்டு பேர் சேர்ந்து படித்தால் டம்ளரும் ஒன்றுதான் என்பது அவள் சட்டம். தாராபுரம் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்த பூங்கொடி என்ற பத்து வயதுப் பெண் தினமும் நாலு மணிக்கு வந்து அந்த நாவலை எடுப்பாள். விடுமுறைக்கு மலைக்குப் போன இரண்டு பிள்ளைகள் ஒரு பூதத்திடம் மாட்டிக்கொள்கிற கதை. ஊராருடைய ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் திருடி ஊறுகாய் ஜாடியில் அடைத்து வைத்திருக்கும் பூதம்.

அவள் அப்பா பழனிச்சாமி எதிர்க் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சீசன் வேலை என்று ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடியது. மகள் வந்து ஒரு மாதமாகியும் அவளோடு ஒரு பகல் முழுசாக இருக்க முடியவில்லை அந்த மனிதரால். டீ நேரத்தில் ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்வார். டம்ளர் இருவர் கைக்கும் மாறும், புத்தகம் நடுவில் இருக்கும். அவள் சரசரவென்று புரட்டுவாள். இவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். ஒருநாள் பாதிப் பக்கத்தில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "மெதுவாத் திருப்பு கண்ணு, எனக்கு இன்னும் பூதமே வரலை."

கட்டிங் மாஸ்டர் கைவரிசை

மிச்சத்தை மகளோடு வீட்டில் படிக்கிறேன் என்று பழனிச்சாமி புத்தகத்தை வாங்கிப் போனார். வழியில் கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை திருடும் பூதம் என்றதும் அங்கே முப்பது பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டியிருக்கிறார்கள்.

மூன்று நாள் பொறுத்துவிட்டு நானே போனேன். கட்டிங் டேபிள் மேல் என் நாவல் எட்டுக் கட்டாகக் கிடந்தது. தையலைப் பிரித்து, கட்டுக்கு ஒரு பனியன் துணி நாடா கட்டி, மேலே சாக்பீஸில் நம்பர் வேறு. கழுத்துப்பட்டி தைக்கிற அம்மாள் மூன்றாம் கட்டில் இருந்தாள். கை தைக்கிறவர் ஐந்தாம் கட்டில் பூதத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தை இப்படிப் பிரிக்கலாமா என்று கேட்டேன். பழனிச்சாமிக்கு என் கவலை புரியவேயில்லை. "பனியன ஒரே ஆளாங்ணா தெக்கறாங்க? கைய ஒருத்தரு, கழுத்த ஒருத்தரு. கதைய மட்டும் ஒரே ஆளு படிக்கோணுமுங்களா?"

முதலாளி யார் கட்சி

வேலை நேரத்தில் எல்லார் மடியிலும் காகிதம் இருப்பதை முதலாளி பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. எதையும் முடிவிலிருந்து பார்ப்பது அவர் வழக்கம் என்பதால் யாரும் தொடாத எட்டாம் கட்டை எடுத்துக்கொண்டு தன் ரூமுக்குப் போனார். பிறகு முதல் கட்டிலிருந்து ஏழாம் கட்டுவரை ஒவ்வொன்றாக வரவழைத்தார். ராஜாமணி அனுப்பிய டீயும் இரண்டு முறை உள்ளே போனது.

பூதத்தை முதலாளி திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வெளியே வந்தவர் முகத்தில் வருத்தம். கதையில் வரும் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை என்றார். "பூதம் சொல்றதுலயும் நாயம் இருக்குதுங்க. ஆர்டர் கெடக்கறப்ப ஞாயித்துக்கெழமை எதுக்குங்க?"

கறை போன கதை

படிக்கும்போது முதலாளி டீ டம்ளரைக் கவிழ்த்துவிட்டார், அதுவும் எட்டாம் கட்டின் மேல். அந்தக் கட்டைப் படித்திருந்தவர் அவர் ஒருவர்தான். பூங்கொடி ஏழு கட்டையும் முடித்துவிட்டுத் தினமும் என்னிடம் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி பஸ்ஸுக்கு அவள் ஹாஸ்டல் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு லீவு கிடையாது, பக்கத்து வீட்டுக்காரி கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. முடிவாவது தெரிந்துகொண்டு போகிறேன் என்றாள். அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை.

முதலாளியின் டீக்கறை என்பதால் கம்பெனியில் மரியாதையாக ஒரு காரியம் செய்திருந்தார்கள். கறை பட்ட பனியனை என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். எட்டாம் கட்டைத் துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டறைக்காரர் சனிக்கிழமை ஒரு தட்டில் வெள்ளைக் கூழ் கொண்டுவந்து என் முன்னால் பெருமையோடு வைத்தார். "மோந்து பாருங்ணா, ஏலக்காய் வாசங்கூட இல்லீங்க."

மூன்று மணி பஸ்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பூங்கொடி ஒரு டம்ளர் ஏலக்காய் டீயோடு நேரே முதலாளி ரூமுக்குப் போனாள். பயத்தில் நானும் பின்னால் போனேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் நீட்டினாள். எங்கள் கடைச் சட்டம் அவருக்கும் தெரியும். டம்ளரை வாங்கினால் புத்தகத்தையும் பங்கு போட்டாக வேண்டும். வாங்கிக் குடித்துவிட்டார்.

பூதம் ஜெயித்தது என்று அவர் சொல்லியிருந்தால் மறுக்க ஊரில் ஆளில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கத்தரியும் கையுமாகப் பழனிச்சாமி வாசலில் நின்றார். கடைசியில் முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைகள் ஜாடியைப் போட்டு உடைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன என்றார். பூங்கொடி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இன்னிக்கும் ஞாயித்துக்கெழமைதானுங்களே?"

மூன்று மணி பஸ்ஸில் பழனிச்சாமி மகள் பக்கத்தில் உட்கார்ந்து போனார். மிச்சமிருந்த ஏழு கட்டையும் பனியன் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் சேர்த்துத் தைத்து, நாலாம் கட்டை முன்னால் வைத்து, மறுநாள் என்னிடம் சேர்த்தார்கள்.

இத்தனை வருஷம் கடை நடத்தி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: புத்தகத்தை முழுசாகத் திருப்பித் தருகிறவன் அதைப் படித்திருக்க மாட்டான்.