தணிகாசலம் சார் கழற்றிய ஒயர்

கண்ணாடிக் கடை தணிகாசலம் சார் காலமான செய்தி எனக்கு வேலையாகத்தான் வந்தது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மைத்துனர் வந்து நின்றார். "பாய், ஆட்டோவுல மைக் கட்டி ஒரு சாவு அறிவிப்பு போடணும்" என்றார். திருவண்ணாமலையில் மைக் செட் வைத்திருப்பவனுக்கு இது வாடிக்கையான வேலை. பேனாவை எடுத்து, "பேரு சொல்லுங்க" என்றேன். சொன்னார். திடீரென்று நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். இரண்டு வருஷமாக என் வாயில் வராத பெயரை, அன்று தேரடி வீதி முழுக்க நானே மைக்கில் சொல்லிக்கொண்டு போனேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்கும் இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னவர் சாருடைய மனைவி, செல்வி அண்ணி. "அவரை உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாருண்ணே?" என்றார். அதுதான் வயிற்றெரிச்சல். தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு வராது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பழக்கமே சண்டையில் தொடங்கியது. ஒரு பௌர்ணமிக்கு அன்னதானப் பந்தலில் நான் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அவர் கடையைப் பார்த்து இருந்தது. விறுவிறுவென்று வந்தார். "கண்ணு டெஸ்ட் பண்ண வந்தவங்க காதைப் பொத்திக்கிட்டு போறாங்க பாய். கொஞ்சம் கம்மி பண்ணுங்க." திட்ட வந்தவர், என் மேஜைமேல் இருந்த சால்டரிங் அயர்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தபாலில் ஒரு ரோபோ வண்டியைப் பாகங்களாக வாங்கிவைத்திருக்கிறாராம், பற்றவைக்கத் தெரியவில்லையாம். ஐம்பதைத் தாண்டிய மனிதருக்குப் பொம்மை வண்டி! விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் உட்கார்ந்து நானும் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.

யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். கடை வாசலில் கிடந்த தெருநாய்க்குப் 'பவர்' என்று பெயர் வைத்து, அதையும் "தள்ளிப் படுங்க பவர், கஸ்டமர் வராங்க" என்பார். நான் போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தால் பவர் எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விடும். "உங்க குரல் அவங்களுக்கு ஜாஸ்தி பாய்" என்று கிண்டல் செய்வார்.

வண்டி தானாக ஓட வேண்டும், எதிரில் எது வந்தாலும் முட்டாமல் நிற்க வேண்டும். அதற்குத் தடையைக் கண்டுபிடிக்கிற சென்சார் எது என்பதில்தான் எங்களுக்குள் மல்லுக்கட்டு. அவர் இன்ஃப்ராரெட் என்றார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அடித்து, எதிரில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். சின்னது, விலையும் கம்மி. நான் அல்ட்ராசோனிக் என்றேன். காதுக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். முன்னால் இரண்டு உருண்டைக் கண் மாதிரி இருக்கும். கண்ணாடிக் கடைக்காரர் வெளிச்சத்தை நம்பினார், மைக் செட்காரன் சத்தத்தை நம்பினேன். வேறு எப்படி இருக்கும்!

இரண்டையும் மாட்டிப் பார்த்தோம். கம்பளியையும் சாய்த்து வைத்த பலகையையும் என் சத்தம் கோட்டை விட்டது. "பாருங்க, பாருங்க" என்று குதித்தார். அவருடைய இன்ஃப்ராரெட்டோ வாசல் வெயில் பட்டாலே தாறுமாறாக நின்றது. கறுப்புத் துணியை வைத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் நேராகப் போய் முட்டியது. அங்கேதான் பிடித்தேன். "சார், நாம வண்டியைக் காட்டப்போற வியாபாரிகள் கண்காட்சி கார்த்திகை மாசம். ஊர்ல பாதிப் பேரு மாலை போட்டு கறுப்பு வேட்டியில இருப்பாங்க. உங்க வண்டி அத்தனை பேரு கால்லயும் விழும்" என்றேன். ரொம்ப நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "சரி பாய், உங்க சத்தமே இருக்கட்டும்" என்றார். அந்தக் கையை நம்பினேன்.

வியாபாரிகள் கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வண்டிமேல் தட்டு வைத்து, தட்டில் கல்கண்டு. மேடையில் சங்கத் தலைவர், மாலை போட்டவர், கறுப்பு வேட்டி. நான் மைக்கைப் பிடித்து, "இந்த வண்டி வெளிச்சத்தை நம்பாது, எதிரொலியைக் கேட்டு நிற்கும்! தலைவர் கிட்ட போய் மரியாதையா நிற்கும், பாருங்க!" என்று முழங்கினேன். வண்டி நிற்கவில்லை. நேராகத் தலைவர் காலில் மோதி, கல்கண்டு முழுக்க அவர் காலடியில் கொட்டியது. மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பை என் ஸ்பீக்கரே எனக்குத் திருப்பிப் போட்டது. ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தேன். உருண்டைக் கண் இரண்டும் அழகாக இருந்தன. பின்னால் ஒயர் கழற்றப்பட்டிருந்தது. அடியில், ஒளித்துவைத்த மாதிரி, இன்ஃப்ராரெட்.

"என்னா சார் இது?" என்றேன். தலை குனிந்து, "அப்புறம் சொல்றேன் பாய்" என்றார். அவ்வளவுதான். நான் முழங்கும்போது பக்கத்தில்தானே நின்றார்? ஒரு வார்த்தை, ஒரு ஜாடை? அந்த வருஷம் தீபத்துக்கு வியாபாரிகள் சங்கப் பந்தலில் மைக் வேலை வேறு ஆளுக்குப் போனது. அதுகூடப் போகட்டும். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "வண்டி நிக்குமா பாய்?" என்று கேட்காத ஆள் இல்லை. அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். அவர் சொல்லவே இல்லை. இப்போது ஆளே இல்லை. பதில் சொல்லாமல் போய்ச் சேர்ந்ததுதான் அவர் எனக்குச் செய்த இரண்டாவது துரோகம்.

போன வாரம் மலருக்குப் படம் வாங்க வீட்டுக்குப் போனேன். அண்ணி அந்த வண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"அந்த ரெண்டு கண்ணு சென்சாரைப் போட்டாலே பவர் நடுங்கும்ணே. நீங்க ஞாயித்துக்கிழமைதான் வருவீங்க, இவரு தினம் சாயங்காலம் ஓட்டிப் பாத்தாரு. அது கடைப்பக்கமே வராம சோறு தண்ணி இல்லாம கிடந்துச்சு. நமக்குக் கேக்காத சத்தம் அவங்களுக்குக் கேக்குது போலன்னு கழட்டிட்டாரு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"நாய்க்காகவான்னு பாய் சிரிப்பாருன்னாரு. வெளிச்சத்துலயே நிக்க வெச்சுக் காட்டிடறேன்னும் சொன்னாரு."

சிரித்திருப்பேன்தான். சிரித்துவிட்டு, நானே ஒயரைப் பிடுங்கியிருப்பேன். மைக்கில் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நாய்க்குப் பார்த்த மனிதர், எனக்குப் பார்க்கவில்லையே!

எனக்கு நம்பிக்கையும் வரவில்லை. கடை மூடியதிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்ட பவர், மாலை போட்ட படத்துக்குக் கீழே சுருண்டு கிடந்தது. ஒயரை மாட்டி, வண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. பவர் காதை மடித்தது. எழுந்து வாலை இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றது. அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து அதே இடத்தில் படுத்தது. மறுபடி போட்டுப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய், சார். ஊர் முன்னால் என்னைத் தனியாக முழங்க விட்டீர்கள், அது ஆறவில்லை. வண்டியை அண்ணி என்னிடமே கொடுத்துவிட்டார். என் கடை மேஜைமேல் இருக்கிறது. ஒயரை நானே கழற்றிவிட்டேன். போய் வாருங்கள்.