சாம்பார் சிந்தாத வண்டி

புது வண்டி வாங்கியவனுக்கு முதல் மாதம் பெருமை பேச ஆள் வேண்டும். இரண்டாம் மாதத்திலிருந்து அதே வண்டியைத் திட்டுவதற்கு ஆள் வேண்டும். 2006-ல் ஓசூரில் இந்த இரண்டு வேலைக்கும் எங்களுக்கு ஒரே இடம்தான், வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு எதிரே இருந்த டீக்கடை. ஷிஃப்ட் ஊர் என்பதால் சர்வீஸ் சென்டர் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். காலையில் போனால் ஒரே மாடல் எஸ்.யூ.வி. நாலைந்து வரிசையாக நிற்கும். வாங்கியவர்கள் டீ கிளாஸோடு நின்று அவற்றை வைதுகொண்டிருப்பார்கள்.

நானும் அதில் ஒருவன். பெயர் விஜயகுமார். ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் சொந்த வண்டியைச் சும்மா விடுவானா? பின்கதவு இடுக்கில் புழுதி வருகிறது, டேஷ்போர்டுக்குள் ஏதோ கிறீச்சிடுகிறது, ஏசித் தண்ணீர் காலில் சொட்டுகிறது என்று வாராவாரம் ஒரு புகாரோடு போவேன். சூளகிரிப் பக்கம் ரோஜாவும் தக்காளியும் போட்டிருந்த திம்மராயனுக்கு வண்டியின் குறையைவிட அலங்காரம்தான் முக்கியம். முன்னால் இரும்புக் கம்பி, மேலே கேரியர், மஞ்சள் விளக்குகள், லாரிக்காரனே பயந்து ஒதுங்கும் ஹாரன். மூன்றாமவர் மதுரைக்காரர் முத்துக்குமார், ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கு உலகத்தில் எல்லாக் கோளாறுக்கும் காரணம் ஸ்பிரிங்தான். ஏசி சொட்டினாலும் ஸ்பிரிங் என்பார்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு நாள் வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அள்ளிச் செருகிய கொண்டை, நெற்றியில் பெரிய குங்குமம். இறங்கிய வேகத்தில் சர்வீஸ் அட்வைசரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இந்த வண்டியில சாம்பார் சிந்துது. என்னன்னு பாருங்க.”

அந்தப் பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அம்மா, சாம்பார் சிந்தறதெல்லாம் வாரண்டில வராதும்மா.”

“உக்காந்திருக்க ஆளு குலுங்குனா பாப்பிய. சாம்பார் குலுங்குனா பாக்க மாட்டியளோ? ரெண்டும் ஒரே வண்டியிலதான வருது?”

எங்கள் மூன்று பேருக்கும் அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனது. எங்களில் ஒருவருக்கும் அந்தப் பையனிடம் இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. திம்மராயன் ஒரு டீ சொல்லி, உட்கார ஸ்டூலும் இழுத்துப் போட்டார்.

அவர் பேச்சியம்மாள். சிப்காட் தொழிற்பேட்டையில் மெஸ் நடத்துகிறவர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கணவர் பரமசிவம் அங்கே கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தார். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பேச்சியம்மாளின் தம்பி, இங்கே வாய்க்கு வைக்க ஒரு சோறு இல்லை என்று போனில் அழுதிருக்கிறான். ஒருத்தன் அழுதால் அவனைப் போல எத்தனை பேர் அழுவார்கள் என்று யோசித்து, புருஷனையும் அம்மிக்கல்லையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். பரமசிவம் சமைப்பார், அதிகம் பேச மாட்டார். மீதி எல்லாம் பேச்சியம்மாள். மூன்று ஷிஃப்டுக்கும் அங்கே சூடாகச் சோறு இருக்கும். ஊரிலிருந்து பிழைக்க வந்த பையன்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சோறு கொண்டுபோக ஒரு டெம்போ போதாதா, எஸ்.யூ.வி. எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஏன், ஞாயித்துக்கெழம நான் குடும்பத்தோட டெம்போ பின்னால நின்னுக்கிட்டா கோயில் கொளத்துக்குப் போவேன்? வாரத்துல ஆறு நாளு வண்டி சோத்துக்கு. ஒரு நாளு எனக்கு. அத நெனச்சுத்தான் ரிவர்ஸ் எடுக்கதுல ரெண்டு தடவ தோத்தும் லைசென்ஸ் வாங்குனேன்.”

பரமசிவத்துக்கு வண்டி ஓட்டப் பயமாம். பக்கத்து சீட்டில் உட்காரவே பயமாம். மனைவி ஓட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி சொல்வாராம். சொல்லிவிட்டுப் பேச்சியம்மாளே விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும்தான் விஷயத்துக்கு வந்தார். மெஸ் இருந்த கட்டடத்தை இடித்து மாடி கட்டப்போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். சிப்காட்டுக்குள் வேறு இடம் அமையவில்லை. ஆனால் சூளகிரியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலை மதியச் சாப்பாட்டுக்கு ஆள் தேடுகிறது. அது கிடைத்தால் அங்கேயே ஒரு கொட்டகை பிடித்து அடுப்பை மாற்றிவிடலாம். போட்டிக்கு பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கேட்டரிங் கம்பெனி. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வேளை சாப்பாடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பெங்களூர்க்காரர்கள் காட்டிவிட்டார்கள். பேச்சியம்மாளின் முறை அடுத்த திங்கட்கிழமை.

“கெடைக்கலன்னா ஊருக்குத்தான் போவணும். அவரு மறுபடியும் கல்யாண வீட்டு அடுப்புல வேவணும். இங்க நான் பேச்சியம்மா. அங்க போனா பரமசிவம் பொஞ்சாதி, அம்புட்டுத்தான். எனக்குப் போவ மனசில்ல அண்ணாச்சி.”

சூளகிரி வரை சும்மா ஓட்டிப் பார்த்தபோது அண்டாவிலிருந்து பாதி சாம்பார் வண்டிக்குள்ளேயே கொட்டிவிட்டதாம். மீதியில் புழுதி. புழுதி என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. முத்துக்குமார் ஏற்கெனவே வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வண்டிகளை மறந்துவிட்டோம். எனக்கு ஷிஃப்ட் முடிந்தால் நேராக மெக்கானிக் ஷெட். பின்கதவைச் சுற்றித் தடிமனான ரப்பர் பீடிங் ஒட்டினேன். இரண்டு மாதமாக என் வண்டிக்குச் செய்யாததை இந்த வண்டிக்கு ஒரே நாளில் செய்தேன், புழுதி நின்றது. திம்மராயன் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து, பழைய டயர்களை அதில் முடுக்கி, ஒவ்வொரு டயருக்குள்ளும் ஓர் அண்டா உட்காரும்படி செய்தார். முத்துக்குமார் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை உருவினார்.

“ஆளு ஏறுறதுக்குன்னு முறுக்கா வச்சுருக்காய்ங்கம்மா. அதான் லேசா லோடு இருந்தா துள்ளுது. இப்பப் பாருங்க, தொட்டில் மாதிரி போகும்.”

ஞாயிற்றுக்கிழமை ட்ரையல். தொழிற்சாலைக்காரர்களுக்கு ட்ரையல் பார்க்காமல் தூக்கம் வராது. அண்டாக்களில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டு சூளகிரிக்குக் கிளம்பினோம். ஆளுக்கு ஓர் அண்டாவைக் கண்காணிக்க வேண்டுமே, அதனால் எல்லோரும் ஏறிக்கொண்டோம். நான், முத்துக்குமார், டீக்கடையில் பழக்கமான இன்னும் இரண்டு பேர், கடைசியில் திம்மராயன். அவர் ஏறினால் வண்டியே ஒரு பக்கம் தலையாட்டும். பேச்சியம்மாள் ஓட்ட, போய்த் திரும்பினோம். வேகத்தடையெல்லாம் ஏறி இறங்கியும் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை.

“பாஸ்!” என்று முத்துக்குமார் கத்தினார். பேச்சியம்மாள் எங்கள் எல்லோருக்கும் தின்ன அல்வா கொடுத்தார். பரமசிவம் என் கையில் இன்னொரு துண்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் துணைக்கு நானும் போனேன். பரமசிவம் அதிகாலையிலேயே எழுந்து சமைத்திருந்தார், வண்டியில் மட்டும் ஏறவில்லை. சாம்பார் வாசனையில் எனக்கே காலையில் தின்ற இட்லி மறந்துபோனது. சிப்காட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறினோம். முதல் வேகத்தடையிலேயே பின்னால் ‘தளக்’ என்றது. திரும்பிப் பார்த்தேன். அண்டா மூடி எழும்பி உட்கார்ந்தது. அடுத்த வேகத்தடையில் மூடி விழுந்தே விட்டது. பலகையில் சாம்பார் ஓடியது.

பேரண்டப்பள்ளி பஸ் ஸ்டாப் அருகே பேச்சியம்மாள் வண்டியை ஓரம்கட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முத்துக்குமாருக்குப் போன் போட்டேன், நேற்று பாஸ், இன்று எப்படி ஃபெயில் என்று கத்தினேன். முத்துக்குமார் மெதுவாகக் கேட்டார்.

“விஜி, நேத்து வண்டிக்குள்ள நாம எத்தன பேரு இருந்தோம்?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. தரம் பார்க்கிறோம் என்று இவ்வளவு பேர் ஏறி உட்கார்ந்தால் எந்த வண்டிதான் துள்ளும்? நாங்கள் உருவிய பட்டையால் ஒன்றும் ஆகவில்லை. திம்மராயன் இருந்ததால்தான் சாம்பார் நின்றிருக்கிறது! பேச்சியம்மாளிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், ஒரு கணம் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

அங்கே ஓசூர் மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டுப் பாதி வழி வந்து இறங்கிய பெண்கள் காலிக் கூடைகளோடு அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். தெலுங்கும் தமிழும் கலந்து ஒரே சத்தம்.

“யம்மா, சூளகிரிதான? வாங்க, வண்டியில போவோம். காசு வேண்டாம். ஆனா ஆளுக்கு ஒரு அண்டாவப் பிடிச்சுக்கிடணும்.”

கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த காவேரி என்பவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். “இன்னா சாம்பாரு?” என்று கேட்டாள்.

“முருங்கக்கா.”

“ஏறுங்கடி,” என்றாள் காவேரி.

சிந்தியதை நான் துடைத்துவிட, நடு சீட்டிலும் பின்னால் பலகையிலுமாக அத்தனை பேரும் கூடைகளோடு ஏறினார்கள். வண்டி பின்னால் அமுங்கியது. பேச்சியம்மாள் கியர் போட்டார். போகப் போக எனக்கு மூச்சு திரும்ப வந்தது. வண்டி நேற்றைப் போலவே போனது. பின்னால் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் தெலுங்கில் யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டு வந்தார்கள். பேச்சியம்மாளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார்.

தொழிற்சாலை கேட்டுக்குச் சற்று முன்னால் பைப் புதைக்கத் தோண்டி, சரியாக மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று இருந்தது. பேச்சியம்மாள் அதைக் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. பின்னாலிருந்து “ஐயோ!” என்று ஒரு குரல். நான் திரும்பினேன். காவேரி சாம்பார் அண்டாவின் மேலேயே கவிழ்ந்து படுத்திருந்தாள். மூடி வழுக்கிய இடத்தைத் தன் மார்பால் அழுத்தி அடைத்திருந்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய இளநீலச் சேலையின் முன்பக்கம் முழுக்க மஞ்சள். சுட்டிருக்கும். முகத்தைச் சுளித்தாள். வாய் திறக்கப் போன என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டிவிட்டுக் கூடையை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டாள். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். வெளியாட்களுக்கு அனுமதி கிடையாதாம். சத்தம் கேட்டு நிர்வாகத்திலிருந்து சௌமியா என்ற அதிகாரி வந்தார். சின்ன வயது, கண்டிப்பான முகம். சாப்பாட்டுக்கு ஆள் முடிவு செய்கிறவர் அவர்தான்.

“இவங்கெல்லாம் யாரு? உங்க ஸ்டாஃபா?”

நானாக இருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். பேச்சியம்மாள் சொல்லவில்லை.

“இல்ல மேடம். வண்டி துள்ளுது. வெயிட்டு இல்லாம சாம்பார் சிந்துது. பஸ் ஸ்டாப்புல நின்னவங்கள ஏத்திட்டு வந்துட்டேன். இதுக்கு மேல ஒளிக்க ஒண்ணுமில்ல.”

சௌமியா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். வரிசையாகப் பெண்கள், வரிசையாக அண்டாக்கள், டயர்கள். அவருடைய கண்டிப்பு முகத்தில் உதடு மட்டும் லேசாகக் கோணியது.

“சிந்துச்சா?” என்று காவேரியைப் பார்த்துக் கேட்டார்.

“ஒரு சொட்டு இல்லம்மா,” என்றாள் காவேரி கூடையை இறுகப் பிடித்துக்கொண்டு. “நாங்க எதுக்குக் கீறோம்?”

சாப்பாடு உள்ளே போனது. நாங்கள் கேட்டுக்கு வெளியே புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். காவேரியின் கூட்டமும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது. என்ன முடிவு என்று தெரியாமல் அவர்களுக்குப் போக மனசில்லை. பேச்சியம்மாள் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து சௌமியா நடந்து வந்தார், கையில் காலி அண்டாவின் மூடியோடு. வரும்போதே அவர் சிரிப்பதை முதலில் பார்த்தது நான்தான்.

“ரெண்டாவது தடவை கேட்டவங்களுக்கு சாம்பார் இல்லாமப் போச்சு. ஒரே சண்டை,” என்றார். “ஒண்ணாம் தேதியிலேருந்து நீங்கதான். அதிகமா கொண்டு வாங்க.”

பேச்சியம்மாள் திரும்பி, கிடைத்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிடைத்தவள் காவேரி. கூடை கீழே விழுந்தது. விலகிப் பார்த்தால், சேலையெல்லாம் காய்ந்த சாம்பார், ஓர் ஓரத்தில் முருங்கைக்காய்ச் சக்கை.

“என்னட்டி இது? எப்ப? ஏன் சொல்லல?” பேச்சியம்மாள் அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்தார். “நான் யாரு, நீ யாரு! புதுச் சேலையா இருக்கே, தாயி...”

காவேரி சேலையை உதறிவிட்டுக்கொண்டாள்.

“அட வுடுக்கா. சேலை தொவைச்சா போவுது. ஆர்டர் போயிருந்தா வருமா?”

பேச்சியம்மாள் நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே வண்டிக்குள் தேடி, எங்கள் இரண்டு பேருக்கென்று பரமசிவம் கட்டிக் கொடுத்திருந்த சோற்றை எடுத்துவந்து, மரத்தடியில் காவேரியை உட்காரவைத்துத் தன் கையாலேயே பரிமாறினார்.