நிறஞ்சலா பூட்டிய மீன்காட்டி

மன்னார் பட்டணத்தில் சாஹுல் ஹமீட்டின் போன் திருத்தும் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள், உள்ளே இருக்கும் நிறஞ்சலாவைப் பார்த்துவிட்டு, "திருத்திற தம்பி எங்க?" என்றுதான் கேட்பார்கள். அவள் கையை நீட்டுவாள். போனை வாங்கிப் பின்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்த பிறகு அந்தக் கேள்வி இன்னொரு தடவை வராது. வங்காலையில் பிறந்து வளர்ந்தவள். தொழிற்பயிற்சி நிலையத்தில் தையலுக்குப் பதியப் போய், அங்கே இடமில்லை என்றதால் போன் திருத்தும் வகுப்பில் உட்கார்ந்தவள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். ஒவ்வொரு நாளும் காலை பஸ்ஸில், கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதி கடந்து பட்டணத்துக்கு வந்து, பின்னேரம் திரும்பிப் போகிறாள்.

அவளுடைய புருசன் எமில் சுழியோடி. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கிச் சங்கு பொறுக்கிவருகிற வேலையை இருபது வருடத்துக்குமேல் செய்தவன். ஒரு நாள் கீழே நேரம் மிஞ்சிப்போய், மெல்ல மெல்ல ஏற வேண்டிய ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தான். வள்ளத்தில் ஏறியதும் இடது கால் அவனுடையதாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து, நடக்கிற அளவுக்குத் தேறினான். இனிமேல் தலை நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீருக்குக் கீழே போகக் கூடாது என்று டொக்டர் நிறஞ்சலாவைப் பார்த்துத்தான் சொன்னார். யாரிடம் சொன்னால் அது நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மற்றவர்களோடு வள்ளத்தில் நின்று வலை இழுக்க அந்தக் கால் இடம் கொடுக்கவில்லை. அப்போதுதான் தலைமன்னார் றோட்டில் மூடிக்கிடந்த ஒரு விடுதியில், வெள்ளைக்காரர் விளையாடவென்று வைத்திருந்த கயாக் ஒன்று மலிவு விலைக்கு எமிலின் கைக்கு வந்தது. மஞ்சள் நிற பிளாஸ்டிக் வள்ளம். இரண்டு பேர் முன்னும் பின்னும் இருந்து துடுப்புப் போடலாம். இருந்த இடத்திலேயே இருந்து தொழில் செய்யலாம் என்பதால் கால் அதற்குத் தேவைப்படவில்லை. ஊரில் முதலில் சிரித்தார்கள். எமில் கரையோரத்துப் பார்களில், அந்தக் கடலடிப் பாறைத் திட்டுகளில், தூண்டில் போட்டு விளைமீனும் பாரை மீனும் கொண்டுவரத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

ஆனால் எமிலுக்கு மனம் ஆறவில்லை. கடலின் அடியை இருபது வருடம் கண்ணால் பார்த்த ஆள். எந்தப் பாரில் எந்தப் பக்கம் பொந்து, எங்கே மணல், எங்கே சாதாழைக் கடற்புல் என்று அறிந்தவன், இப்போது மேலே இருந்துகொண்டு ஒரு தூண்டில் நரம்பைக் கீழே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு சோறு தின்கிற மாதிரி இருக்கிறது என்று அவளிடம் சொல்வான். கொஞ்ச நாளில் அவனுடைய முகத்தில் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருப்பதை நிறஞ்சலா கண்டாள். முகக்கண்ணாடி அழுத்திய தடம். கேட்டதற்கு, ஒரே ஒரு முழுக்கு, கீழே ஒருக்கா எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன் என்றான். அவள் கத்தினாள். அவன் ஓமென்றான். பிறகும் அந்த வளையம் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு நாள், கடையில் அவள் ஒரு போனின் சார்ஜ் வாயைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அயல்வீட்டு அம்புறோஸ் கடலிலிருந்து அவளுடைய போனுக்குக் கோல் எடுத்தார்.

"பிள்ளை, எமிலின்ர மஞ்சள் வள்ளம் ஆளில்லாமல் மிதக்குது. நாங்கள் சுத்திப் பாக்கிறம். நீ கரைக்கு வா."

அவள் எழுந்தது தெரியும். பிறகு சாஹுல் ஹமீட் றோட்டில் நின்று ஓட்டோ ஒன்றை மறித்து அவளை ஏற்றிவிட்டதும், ஓட்டோக்காரனிடம் எங்கும் நிற்காதே என்று சொன்னதும் கனவில் மாதிரித்தான் நினைவிருக்கிறது. தாம்போதி முடிகிறபாடாக இல்லை. செபமாலையில் ஒரு மந்திரம் முழுதாக வாயில் வரவில்லை. "அருள் நிறைந்த" என்பதற்கு அப்பால் போகாமல் திரும்பத் திரும்ப அங்கேயே நின்றது.

வங்காலைக் கரையில் அவள் இறங்கியபோது அம்புறோஸின் படகு வந்து சேர்ந்திருந்தது. கயாக்கைப் பின்னால் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். எமில் அதன் பக்கத்தில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். உயிரோடு, இரண்டு கால்களிலும் நின்றான். கீழே இறங்கி ஒரு பாரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபக்கத்தால் மேலே வந்திருக்கிறான். அதற்குள் நீரோட்டம் கயாக்கை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீந்திப் பிடிக்கக் கால் விடவில்லை. அம்புறோஸ்தான் மிதந்துகொண்டிருந்தவனைக் கண்டு படகில் தூக்கியிருக்கிறார்.

நிறஞ்சலா மணலில் இருந்துவிட்டாள். ஏசுவதற்கு எத்தனையோ இருந்தது. ஆளைக் கண்ட ஆறுதலில் அதெல்லாம் பின்னால் போனது. மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏனப்பா குதிக்கிறியள்?"

எமில் அவளுக்கு முன்னால் குந்தினான். "கீழ என்ன கிடக்கெண்டு பாக்காமல் எனக்கு ஒண்டும் விளங்குதில்லை, நிறஞ்சலா. வேறயொண்டுமில்லை."

கடைக்கு ஒரு போன் வந்தால், போட்டு உடைத்தவரைத் திட்டுவதில் பிரயோசனமில்லை. எங்கே பழுது என்றுதான் பார்க்க வேண்டும். எமில் சொன்னதை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். இந்த மனிசனுக்குக் கடலடி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குதிப்பான். எத்தனை சத்தியம் வாங்கினாலும் குதிப்பான். அப்படியானால் குதிக்காமலே தெரிகிற வழியைத் தேட வேண்டும்.

நோர்வேயில் இருக்கிற தம்பி றொட்னி, அங்கே ஓய்வு நாட்களில் சின்னப் படகொன்றில் மீன்பிடிக்கப் போகிறவன். அந்தப் படகில் ஒரு சின்னத் திரை இருப்பதை அவன் அனுப்பிய வீடியோவில் அவள் முன்பே கண்டிருந்தாள். அடியில் இருக்கும் சென்சர் தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பும். அது நிலத்தில் பட்டுத் திரும்பிவருவதை வைத்து ஆழத்தையும் பாரையும் நடுவில் நிற்கிற மீனையும் திரை கீறிக் காட்டும். அவனிடம் கேட்டாள். மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வரும்போது என்னுடைய பழையதைக் கழற்றிக் கொண்டுவருகிறேன், நான் வேறு ஒன்று பூட்டப்போகிறேன் என்றான்.

ஆவணியில் அவன் வந்தான். திருவிழா முடிந்து வந்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு, முற்றத்துப் பூவரசின் கீழே இரண்டு பழைய டயர்களில் கயாக்கை ஏற்றி வைத்தார்கள். திரையைப் போட்டால் எல்லாம் நோர்வே பாசையில் எழுதியிருந்தது. றொட்னி வாசித்துச் சொல்லத் தொடங்கினான். நிறஞ்சலா அதற்குள் பாசை மாற்றுகிற இடத்தைக் கண்டுபிடித்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஆழம் மீற்றரில் வந்தது. எமிலுக்குக் கடலில், ஆறடி ஒரு பாகம் என்கிற பாகக் கணக்குத்தான் பழக்கம் என்று அதையும் பாகத்துக்கு மாற்றினாள். எமில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், அப்போதுதான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் வந்து இருந்தான்.

துளை போடும் மெசினை அவள் கையில் எடுத்ததும் அவன் எழும்பினான். வள்ளத்தில் ஓட்டை போடுகிறவர்களை அவன் வாழ்க்கையில் கண்டதில்லை. அடியில் போடப்போவதில்லை, சென்சரை உள்ளேயே ஒட்டப்போகிறேன், பிளாஸ்டிக்கைத் தாண்டிச் சத்தம் போகும், வயர் வெளியே வருவதற்கு மேல்தட்டில் மட்டும் ஒரு ஓட்டை என்று அவள் விளக்கினாள். அந்த ஓட்டை விழுந்த நேரம் எமில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதில் றப்பர் வளையம் ஒன்றை இறுக்கி, சுற்றிவரப் பசை பூசினாள். சாஹுல் ஹமீட் கொடுத்துவிட்ட பன்னிரண்டு வோல்ட் பற்றறியை, தண்ணீர் புகாத சோற்றுப் பெட்டிக்குள் வைத்து ஆசனத்துக்குப் பின்னால் கட்டினாள். பிறகு கயாக்கின் பின்மூடியைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, உள்ளடியைத் துடைத்து, சிலிக்கனைப் பூசிச் சென்சரை வைத்து ஒட்டினாள்.

காய்ந்தபின் கரையோரத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடும் புள்ளியும். ஆழம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நிறுத்திப் போட்டார்கள். இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. றொட்னியின் முகம் வாடிவிட்டது. பழுதான சாமானைச் சுமந்து வந்துவிட்டேன் போல, அக்கா என்றான். எமில் பரவாயில்லை என்று சொல்லிக் கயாக்கைக் கரைக்கு இழுத்தான். அந்தப் பரவாயில்லையில் இருந்த ஒரு நிம்மதி நிறஞ்சலாவுக்குப் பிடிக்கவில்லை. மனிசன் திரும்பவும் குதிக்கிற நினைவுக்குப் போகிறான் என்று பட்டது.

றொட்னி புறப்பட்டுப் போனான். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை, எப்படியும் கயாக் கடலுக்குப் போகாது. அந்த அவகாசம் அவளுக்குத் தேவைப்பட்டது.

கடையில் ஒரு நாள் புதுப் போன் ஒன்றுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் காற்றுக் குமிழ் நின்றுவிட்டது. அவளுடைய பெருவிரல் தன்பாட்டில் அதை ஓரத்துக்குத் தள்ளியது. அப்போதுதான் சட்டென்று கையை எடுத்தாள். சென்சரை ஒட்டும்போது சிலிக்கனைச் சாந்து பூசுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பூசியிருந்தாள். அந்த வரிகளுக்கு நடுவில் காற்று அகப்பட்டிருக்கும். தண்ணீரில் போகிற சத்தம் காற்றில் முட்டினால் அங்கேயே நின்றுவிடும். மெசின் பழுதில்லை. ஒட்டினதுதான் பழுது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன தங்கச்சி என்று சாஹுல் ஹமீட் கேட்டார். ஒன்றுமில்லை நானா, நான் தினமும் செய்கிற வேலையை வீட்டில் பிழையாகச் செய்திருக்கிறேன் என்றாள்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாள். இந்தத் தடவை நடுவில் ஒரே குவியலாகச் சிலிக்கனை விட்டு, சென்சரை அதன்மேல் வைத்து, திருகித் திருகி அழுத்தினாள். பசை நாலு பக்கமும் பிதுங்கி வெளியே வந்தது. காற்றும் அதோடு வந்திருக்க வேண்டும் என்று மாதாவை நேர்ந்துகொண்டு, அதன்மேல் ஒரு செங்கல்லைப் பாரம் வைத்துவிட்டாள்.

காற்று அடங்கிய பிறகு, ஒரு விடிகாலையில் இரண்டு பேருமாகக் கரைக்குப் போனார்கள். முன் ஆசனத்தில் தானும் வருவேன் என்று அவள் சொன்னபோது எமில் மறுக்கவில்லை. கரையில் நின்ற நேவிப் பெடியன் திரையைக் கண்டுவிட்டு, இது என்ன, கமராவா என்று சிங்களத்தில் கேட்டான். "மாளு பலன மெசிம" என்று எமில் சொன்னான். மீன் பார்க்கிற மெசின். பெடியன் குனிந்து பார்த்து, தன்னுடைய ஊரிலும் அப்பா கடற்றொழில்தான் என்று சொல்லி, அப்படி ஒன்று அவருக்கும் வாங்க வேண்டும் என்றான். கடலுக்குப் போகிற பாஸைப் பார்த்துவிட்டுப் போகவிட்டான்.

கரையை விட்டு விலகியதும் நிறஞ்சலா திரையைப் போட்டாள். ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு கீழே தடித்த கோடொன்று இழுபட்டது. பக்கத்தில் இரண்டு பாகம் என்று காட்டியது. சென்சர் நிலத்தைப் பிடித்துவிட்டது.

எமில் திரையைப் பார்க்கவில்லை. கரையில் தெரிந்த கோயில் கோபுரத்தையும் ஒரு மரத்தையும் குறிவைத்துத் துடுப்புப் போட்டபடி, "கொஞ்சம் பொறு. இதில நிலம் மேல எழும்பும். பார் தொடங்குது" என்றான்.

திரையில் கோடு மெல்ல ஏறியது. கரடுமுரடாக ஒரு மேடு வந்தது. மேட்டின் மறுபக்கம் செங்குத்தாக இறங்கியது. அதன் அருகில் சின்னச் சின்ன வளைவுகள் தொங்கின. மீன். எமில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு முன்னுக்குச் சாய்ந்தான். அவளுடைய தோளுக்கு மேலால் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அந்த இறக்கம். அதுக்குள்ள ஒரு பொந்து கிடக்கு. நான் போயிருக்கிறன்" என்றான். "இப்ப இதில இருந்தே தெரியுது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் கொடுத்தாள்.

அன்றைக்கு மூன்று விளைமீன்தான் பட்டது. அடுத்த கிழமை ஒரு நாள் ஒன்றுமே இல்லை. திரை காட்டிய வளைவெல்லாம் சாதாழை என்று எமில் அலுத்துக்கொண்டான். மெசின் காட்டுகிறதை வாசிக்கவும் பழக வேண்டும், எனக்குப் போன் பழக எத்தனை நாள் சென்றது என்று அவள் சொன்னாள். அவன் சொன்ன அலுப்பில் பாதியை அவள் கேட்கவில்லை. அவனுடைய தலைமயிர் காய்ந்து கிடந்தது. உப்புப் படிந்த கழுத்துக்கு மேலே ஈரமில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வெறும் கூடையைக் கழுவி வைத்தாள்.

றொட்னி வீடியோவில் வந்தபோது திரை வேலை செய்கிற விதத்தை அவள் காட்டினாள். அவன் கையைத் தட்டினான். பழுதைக் கொண்டுவந்துவிட்டேன் என்று இவ்வளவு நாளும் ஒழுங்காக நித்திரையில்லாமல் இருந்தேன் என்றான். எத்தனை கிலோ பட்டது என்று கேட்டான். இன்றைக்கு ஒன்றும் படவில்லை என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். பின்னே என்னத்துக்குச் சிரிக்கிறாய் அக்கா என்று அவன் கேட்டதற்கு, அங்கே குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்டுக் கதையை மாற்றினாள்.

இப்போது எமில் தனியேதான் போகிறான். நிறஞ்சலா கடையில் குனிந்து வேலை செய்கிறாள். போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினாள். சன்னலோர இருக்கை கிடைத்தது. வெயில் சாய்ந்து காற்று இதமாக வீசியது. முன்பு எமில் கடலுக்குப் போன நாட்களில் அந்தப் பஸ்ஸில் அவள் கண் மூடியதேயில்லை; இப்போது தாம்போதி தாண்டுவதற்குள் கண் சொருகிவிட்டது. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது வங்காலை எப்போதோ பின்னால் போய், பஸ் நானாட்டானில் நின்றது. இறங்கி நின்று எமிலுக்குக் கோல் எடுத்தாள்.

"நான் நானாட்டானில நிக்கிறன்."

"அங்க என்ன செய்யிறாய்?"

"பஸ்ஸில நித்திரையாப் போனன்."

அம்புறோஸின் மோட்டார் சைக்கிளைக் கேட்டுப் பார்க்கிறேன், அங்கேயே நில் என்றான். அவள் பக்கத்துக் கடையில் ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு வாங்கில் இருந்தாள். இன்னும் கொஞ்சம் நித்திரை கொள்ளலாம் போலிருந்தது.