கீழ்வீட்டில் கிரிக்கெட் கேட்ட சனிக்கிழமை

லண்டன் ஹரோவில் இருக்கும் எங்கள் வீட்டில் மொத்தம் இருபத்தாறு மின்சுவிட்சுகள். படுக்கப் போகுமுன் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. மனைவி இதை வியாதி என்கிறாள். மகள் இதற்கு ஓர் ஆங்கிலப் பெயரே வைத்திருக்கிறாள். நான் சுவிட்சுகளோடு பழகத் தொடங்கியது ஆறு வயதில், ஒருவகை உத்தியோகமாகத்தான் என்பது இருவருக்கும் தெரியாது.

போன மாதம் மத்திய லண்டனில் நடந்த ஊர்வலம் ஒன்றைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். தெருவின் ஒரு பக்கம் இஸ்ரேலியக் கொடி பிடித்த யூதர்கள். எதிர்ப்பக்கம் அந்த நாடே பிழை என்று எழுதிய அட்டைகளோடு வேறு யூதர்கள், அவர்களில் சிலர் நீண்ட கறுப்பு அங்கியும் தாடியுமாக. பேத்தி திகைத்துப்போனாள். "அம்மப்பா, இவை எல்லாரும் ஒரே ஆக்கள்தானே? பிறகேன் இரண்டு பக்கம்?" என்றாள். இரண்டோடு நின்றால் பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வீட்டுக்குள் மூன்று பக்கம் இருந்தது.

அந்த வீடு வடக்கு லண்டனில், ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அப்பா வாடகைக்கு ஏறி இறங்கிய ஒன்பது வீடுகளில் எட்டு வீட்டார் எங்கள் நிறத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். ஒன்பதாவது வீட்டுக்காரர் சாத்தவில்லை. போலந்திலிருந்து வந்து தொப்பி தைத்து விற்ற, மிகுந்த ஆசாரமுள்ள யூதர். அவரும் மனைவியும் வளர்ந்த மகனும் கீழே, நாங்கள் மேலே இரண்டு அறைகளில். நான் அந்தத் தம்பதியை அங்கிள், அன்ரி என்று அழைத்தேன். அவர்கள் பேசியது பாதி ஆங்கிலம், பாதி ஐரோப்பிய யூதரின் மொழியான யிட்டிஷ். ஆனால் இத்தனை வருடத்தில் அவர்களுடைய பேச்சு என் மனதுக்குள் எங்கள் தமிழாகவே மாறிக் கிடக்கிறது. அப்படியேதான் எழுத முடியும்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். விளக்குப் போடக்கூடாது, அணைக்கக்கூடாது, கணப்பு மூட்டக்கூடாது. பிறத்தியாரிடம் செய்துதரச் சொல்லிக் கேட்கவும் கூடாது. கீழ்வீட்டில் ஏழு சுவிட்சுகள் இருந்தன. அந்த ஏழுக்கும் நானே அதிகாரி. அன்ரி சன்னலைப் பார்த்து, "புத்தகத்தில எழுத்தெல்லாம் எறும்பாத் தெரியுது" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வார். நான் போய் விளக்கைப் போடுவேன். ஏன் நேராகக் கேட்பதில்லை என்று ஒருநாள் அங்கிளிடம் கேட்டேன்.

"கேக்கிறதுக்கு எனக்கு உரிமையில்லை, தம்பி. நீ உன்ர தேவைக்குப் போட்டால் அந்த வெளிச்சத்தில நானும் இருக்கலாம்."

இதைக் கேள்விப்பட்ட அம்மா, அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் என் கையில் வாய்பாட்டுப் புத்தகத்தைத் தந்து அனுப்பினார். விளக்கைப் போட்டதும் இரண்டு வரி வாசித்துவிட்டு வர வேண்டும். வெளிச்சம் அப்போதுதான் முறைப்படி என்னுடையதாகும். அங்கிள் மறுபுறம் திரும்பிச் சிரிப்பார்.

அன்ரியின் தம்பியை அப்பா "மச்சான்காரர்" என்றுதான் குறிப்பிடுவார். துணி வியாபாரி, கார் வைத்திருந்தவர், ஓய்வுநாள் பார்க்காதவர். யூதருக்கென்று ஒரு நாடு இருந்தே ஆகவேண்டும் என்பது அவருடைய கட்சி. ஆண்டவன் தன் தூதனை அனுப்பி நாட்டைத் தரும்வரை பொறுத்திருக்க வேண்டும், மற்றவன் குடியிருக்கிற நிலத்தில் துவக்கோடு போய் இறங்கக்கூடாது என்பது அங்கிளின் கட்சி. இருவருடைய சொந்தங்களும் உலகப்போரின்போது போலந்தில் ஒருவர் மிச்சமில்லாமல் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒரே சாவு வீட்டிலிருந்து எழுந்து ஆளுக்கொரு திசையில் நடந்தவர்கள் என்று அப்பா சொல்வார். ஒவ்வொரு ஞாயிறும் தேநீரோடு வாக்குவாதம் நடக்கும்.

"பொறுத்திருந்தவைக்கு என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியாதோ?" என்பார் மச்சான்காரர்.

"அவசரப்பட்டவைக்கு என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியுமோ?" என்பார் அங்கிள்.

அந்த ஞாயிறுகள் ஒருநாள் நின்றுபோயின. அங்கிளின் ஒரே மகன் மாமனின் பேச்சில் மயங்கி அந்த நாட்டுக்குப் போய்விட்டான். அங்கே இராணுவத்திலும் சேர்ந்தான். அங்கிள் அவனுடைய பெயரைச் சொல்வதை விட்டார். மைத்துனரோடும் பேச்சில்லை. மச்சான்காரர் வந்தாலும் குசினியில் அக்காவோடு இருந்துவிட்டுப் போவார். அன்ரி மூன்றாவது கட்சி. "நாடு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். என்ர பிள்ளை வீட்டுக்கு வரட்டும்" என்பதற்கு மேல் அவருக்குக் கொள்கை ஒன்றும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஜூன் மாதத்தில் அங்கே போர் மூண்டது. அந்த வாரத்தின் நாட்களை நான் எண்ண வேண்டியிருக்கவில்லை. உலகமே எண்ணி, ஆறு நாள் போர் என்று பெயர் வைத்துவிட்டது. ஆறாவது நாள் சனிக்கிழமை.

அன்று காலை நான் விளக்கு வேலையாகக் கீழே போனபோது அன்ரி கூரையைப் பார்த்து, "இண்டைக்கு மேல்வீட்டில றேடியோச் சத்தமே இல்லை, என்ன ராசா?" என்றார். ஓய்வுநாளுக்கு மரியாதையாக அப்பா வானொலியை மிக மெதுவாக வைப்பது வழக்கம். அன்ரிக்கு றேடியோ கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கிவிட்டது. மேலே ஓடி எங்கள் சிறிய ட்ரான்சிஸ்டரைத் தூக்கி வந்து மாடிப்படியின் அடியில் கதிரை போட்டு வைத்தேன். அங்கிள் சொல்லித்தந்த சட்டமும் நினைவிருந்தது. என் தேவைக்குத்தான் போட வேண்டும். என் தேவை கிரிக்கெட்.

லீட்ஸில் இந்தியா இங்கிலாந்தோடு ஆடிக்கொண்டிருந்தது. இலங்கைக்கு அந்தக் காலத்தில் அப்படியோர் அணி கிடையாது. ஆகவே நாங்கள் இந்தியாவுக்காகக் கவலைப்பட்டோம். நான் பந்துகளை எண்ணிக்கொண்டு படியில் இருந்தேன். அங்கிள் வந்து ஒரு படி மேலே அமர்ந்தார். ஓய்வுநாளில் தொடக்கூடாத பெட்டி என்பதால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது எவ்வளவு நேரம் ஆடுவினம்?"

"அஞ்சு நாள்."

"அஞ்சு நாளுக்குப் பிறகு ஆர் வெண்டது எண்டு தெரிஞ்சுபோமோ?"

"சிலவேளை தெரியாது."

"இப்பிடிப் பொறுத்திருக்கிற சனம்தான் எங்களைப் பாத்து, சும்மா காத்துக்கொண்டிருக்கிறியள் எண்டு சிரிக்குது," என்றார்.

மதிய இடைவேளை வந்தது. அறிவிப்பாளர் அடுத்து செய்திகள் என்று சொல்லி முடிக்குமுன் நான் வானொலியை அணைத்துவிட்டேன். கிரிக்கெட் இல்லாத நேரத்தில் போட்டு வைப்பது சட்டப்படி சரியில்லையே. வீடு அமைதியானது. அன்ரி குசினி வாசலில் ஈரக் கையோடு நின்றார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். கடைசியா அவன் என்ன வருகுது எண்டு சொன்னவன்?" என்றார் அங்கிள் மெதுவாக. நான் அவருக்கு உரத்த குரலில், "இப்ப இடைவேளை, அங்கிள்! நான் சோறு தின்னப் போறன்!" என்று விளக்கிவிட்டு மேலே போனேன்.

சாப்பிட்டுத் திரும்பியபோதும் அவர் அதே படியில் இருந்தார். பிற்பகல் முழுக்க ஆட்டம் கேட்டோம். தோற்றுக்கொண்டிருந்த இந்தியா மறுபடி ஆடத் தொடங்கி, ஆச்சரியமாக, விழாமல் நின்றது. சந்தோஷத்தில் நான் ஓட்டங்களை ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

சாயந்தரம் வாசலில் கார்ச் சத்தம். ஓய்வுநாளில் வர நேர்ந்தால் மச்சான்காரர் காரை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு நடந்து வருவார். அன்று நேரே வாசலில் நிறுத்தினார். முகச்சவரம் செய்திருக்கவில்லை. "மத்தியானச் செய்தியில, சிரியா எல்லை மலைப்பக்கம் இன்னும் சண்டை நடக்குதாம். தனிய இருந்து கேக்க ஏலாமல் கிடந்தது," என்றார், பொதுவாக, யாரையும் பார்க்காமல். அங்கிள் படியில் சுவரோரமாக நகர்ந்து ஒருவர் இருக்க இடம்விட்டார்.

மச்சான்காரர் நினைத்திருந்தால் எட்டி அலைவரிசையைத் திருப்பியிருக்கலாம். அவருக்கு எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் அந்தப் படியில் இருந்ததும் அவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு மேல் மூவரும் கிரிக்கெட் கேட்டோம்.

ஆட்டம் முடிந்தது. அணைப்பதற்காக நான் எழுந்தேன். அப்போது என் தலையில் ஒரு கை வந்து இறங்கியது. அங்கிளின் கை. வெள்ளி இரவுகளில் மகனுடைய தலையில் வைத்து ஆசீர்வதிப்பாராம் என்று அன்ரி முன்பு சொல்லியிருந்தார். அது கனமான கை. நான் பழையபடி இருந்துவிட்டேன். கை எடுபடவில்லை. அதற்குள் செய்தி தொடங்கிவிட்டது. இரு தரப்பும் சண்டையை நிறுத்தச் சம்மதித்துவிட்டதாக வாசித்தார்கள். அதன் பிறகுதான் கை என் தலையிலிருந்து எழுந்தது.

முதலில் பேசியது அங்கிள்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மகனின் பெயரைச் சொன்னார். பிறகு மைத்துனரைப் பார்த்து, "அதுக்காக நீ சொன்னது சரியெண்டு நினைக்காதை," என்றார்.

"நீ சொன்னதும் சரியில்லை," என்றார் மச்சான்காரர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவ்வளவுதான். அந்த நிலம் யாருடையது, பிடித்த இடங்களை என்ன செய்வது, ஆண்டவன் இதற்குச் சம்மதித்தானா என்று இருவரும் உரத்துக் கத்தத் தொடங்கினார்கள். நான் பயந்து மேலே ஓடி, "அம்மா, அவை திரும்பவும் சண்டை பிடிக்கினம்" என்றேன். அம்மா படியிறங்கி எட்டிப் பார்த்தார். அன்ரி அழுதபடி மூன்று கண்ணாடித் தம்ளர்களை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். "பிடிக்கட்டும்" என்றார் அம்மா.

மகன் உயிரோடுதான் இருந்தான். வாக்குவாதமும் உயிரோடு இருந்தது, நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை, ஞாயிறு தவறாமல். பின்னாளில் எங்கள் வீட்டிலும், எங்களுக்கென ஒரு நாடு வேண்டுமா, அதை எப்படிக் கேட்பது என்று நானும் தம்பியும் ஆறு வருடம் பேசாமல் இருந்தோம். ஊர்ச் செய்தி வரும் நேரத்தில் மட்டும் ஒரே வானொலியைச் சுற்றி இருந்தோம். அப்போது எனக்குப் படியும் அந்தக் கையும் நினைவுக்கு வந்தன. அதற்கு முன் வந்ததில்லை.

ஏனென்றால் எட்டு வயதில் நான் விளங்கிக்கொண்டது வேறு. இந்தியா விழாமல் நின்ற சந்தோஷத்தில் அங்கிள் என் தலையைத் தடவினார் என்று அம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கிரிக்கெட் பிடித்துவிட்டது என்றும் நம்பினேன். ஆகவே அந்தக் கோடையில் ஆட்டம் நடந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் ட்ரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். எந்தச் செய்திக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத அந்த நாட்களிலும் அங்கிள் வந்து என் அருகே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை இருந்தார்.