ஓரகத்தியின் காலடியில் என் மனைவி

தற்பெருமை பாவம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் கேட்கிறேன். ஆனாலும் இந்த வாரம் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன். என்னைப் பற்றி அல்ல... என் மனைவி பிலோமியைப் பற்றி.

தவக்காலத்தின் கடைசி வாரம். அரியலூரில் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம் — தெருக்காரர்கள் கூடி ஜெபிப்பது. இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய பகுதியை வாசித்த உபதேசியார், பைபிளை மூடிவிட்டு, "இன்னிக்கு நாமளும் செய்வோம். அவங்கவங்க வலது பக்கம் இருக்குறவங்க காலைக் கழுவிவிடுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிலோமிக்கு வலது பக்கம் இருந்தது யார்? என் தம்பி மனைவி செல்வி!

இருவரும் பேசி மாதக்கணக்காகியிருந்தது. காரணம், ஒரு புடவை. கோயில் திருவிழாத் தேரில் போகும் மாதா சொரூபத்துக்கு வருடாவருடம் புடவை எடுத்துச் சாத்துவது பிலோமிதான். போன திருவிழாவில் செல்வி எடுத்த நீலப் புடவையைச் சாத்திவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அடுத்தடுத்த வீடு... துணி காயப்போடக்கூட நேரம் பார்த்துத்தான் மாடிக்குப் போவார்கள். கூட்டத்திலும் பிலோமி தள்ளித்தான் உட்காருவாள். அன்று எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு வந்தபோது பாயில் வேறு இடமில்லை.

தண்ணீர்ச் சொம்பும் பேஸினும் பிலோமியிடம் வந்தன. செல்வி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "வேணாங்க்கா..." என்றாள்.

"காலை நீட்டுடி. எல்லாரும் பாக்குறாங்கல்ல!"

அப்போதும் வீராப்புதான். கர்வம் என்ன, தண்ணீர் பட்டதும் கரைகிற சர்க்கரையா?

ஆனால் முட்டிவலிக்காரி மண்டியிட்டாள். செல்வி டவுனில் வேலை முடிந்து, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ரோட்டில் நடந்து அப்படியே வந்திருந்தாள். காலெல்லாம் வெள்ளைப் புழுதி. விரல் இடுக்குவரை தேய்த்துக் கழுவினாள் பிலோமி. யாரோ துண்டைத் தேடுவதற்குள் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள்.

பிறகு நிமிராமலேயே சொன்னாள்:

"அந்த நீலப் பொடவ மாதாவுக்கு அழகாத்தான்டி இருந்துச்சு."

செல்வி உடைந்துவிட்டாள். "நீங்க மடிப்பு எடுத்துக் கட்டியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்க்கா..."

தண்ணீர் ஊற்றுவதுகூட எளிது. அந்த ஒரு வாக்கியம்? நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? சத்தியமாக மாட்டேன். அந்த நிமிடம் அவளுக்குப் புருஷனாக இருப்பதில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இந்தத் திருவிழாவுக்கு இருவரும் சேர்ந்தே புடவை எடுக்கப் போகிறார்கள். பிலோமி நடந்ததை அத்தோடு விட்டுவிட்டாள். நான்தான் ஆபீஸில், டீக்கடையில், செந்துறை பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம்கூட, "என் பொண்டாட்டி என்ன செஞ்சா தெரியுமா சார்?" என்று ஆரம்பித்துவிடுகிறேன்.

அவள் இறக்கி வைத்த பெருமையை, ஊர் ஊராக நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்!